கார் மேல் காய்ந்த சுண்டைக்காய்

எவர்சில்வர் அடுக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மொட்டை மாடிக் கதவைத் தள்ளினேன். பொழுது சாய்ந்துவிட்டது என்றுதான் பேர். தரை இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. டெல்லியில் மே மாதத்து மாடியில் செருப்பில்லாமல் ஒருவரும் கால் வைக்க முடியாது.

காலையில் நான் விரித்துவிட்டுப் போன வேட்டியைக் காணோம். அதன் நாலு மூலைக்கும் வைத்திருந்த செங்கல்லைக் காணோம். வேட்டியில் பரப்பியிருந்த சுண்டைக்காயைக் காணோம். தண்ணீர்த் தொட்டி ஓரமாக இரண்டு மூன்று காய் மட்டும் உருண்டு கிடந்தது.

முதலில் குரங்கு என்றுதான் நினைத்தேன். எங்கள் மயூர் விஹார் பக்கம் குரங்குக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் முந்தின நாளே ஒரு குரங்கு வந்து ஒரு காயைக் கடித்துப் பார்த்து, கசப்புத் தாங்காமல் துப்பிவிட்டு, என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போயிருந்தது. அது போக, செங்கல்லைப் பொறுக்கிச் சுவரோரம் வரிசையாக அடுக்கி வைக்கிற குரங்கை நான் இதுவரை பார்த்ததில்லை.

படியிறங்கி கேட்டுக்கு ஓடினேன். வாட்ச்மேன் சுரேந்தர் பீகார்க்காரர், நல்ல மனுஷர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

"மேடம்ஜி, ஆர்டர் தா. செகரட்டரி சாப் நே போலா, சப் ஹட்டா தோ" என்றார். எல்லாவற்றையும் அப்புறப்படுத்து என்று எங்கள் குடியிருப்பின் செகரட்டரி உத்தரவு போட்டாராம்.

வேட்டியை மடித்துத் தன் அறையில் பத்திரமாக வைத்திருந்தார். சுண்டைக்காய் எங்கே என்றேன். குப்பை டிரம்மைக் காட்டினார். மூடியைத் திறந்தேன். தர்பூசணித் தோலுக்கும் யார் வீட்டுக் குழந்தையின் டயப்பருக்கும் நடுவில் கிடந்தது. மோரில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடி மோரில் ஊறி, இன்னும் ஒரு வெயில் காட்டினால் டப்பாவில் போடலாம் என்கிற பக்குவத்தில் இருந்த சுண்டைக்காய்!

மூடியைப் படாரென்று அடித்துச் சாத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுகை என்று நினைத்துக்கொண்டு சுரேந்தர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அழுகையா அது? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தகரம் நக்கின நாக்கு

ஒரு வேட்டி சுண்டைக்காய்க்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு அந்த வருஷக் குளிர்காலம் முடிந்ததிலிருந்து கீமோ நடந்துகொண்டிருந்தது. மருந்து நோயோடு எவ்வளவு சண்டை போட்டதோ தெரியாது, அவர் நாக்கோடு நன்றாகவே போட்டது. இனிப்புத் தெரியாது, புளிப்புத் தெரியாது, உப்புத் தெரியாது, காரம் வைத்தால் வாய்ப்புண் எரியும். எதைக் கொடுத்தாலும் ஒரு வாய் வாங்கிவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

"தகரத்தை நக்கின மாதிரி இருக்குளா, எனக்கு வேண்டாம்" என்பார்.

நாங்கள் இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கம். டெல்லிக்கு வந்து தலை நரைத்தாயிற்று, ஆனால் சமையலறையில் இன்னும் தாமிரபரணித் தண்ணீர்தான் ஓடுகிறது. எனக்குத் தெரிந்த அத்தனையும் செய்து பார்த்தேன். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் வைத்தேன். தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்தேன். எல்லாக் காயும் போட்டுக் கூட்டாஞ்சோறு கிளறினேன். ஒரு காலத்தில் கூட்டாஞ்சோற்று வாசனைக்கு ஆபீஸில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்த மனுஷர், இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த புரோட்டீன் பவுடரைக் கரைத்துக் கொடுத்தால், சுண்ணாம்புத் தண்ணியா என்று கேட்டார்.

ஆள் பாதியாகிவிட்டார். சட்டை தோளில் நிற்கவில்லை. எடை இன்னும் இறங்கினால் அடுத்த மருந்தைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவர் மேஜையில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்படி ஒரு நாள், அலமாரியைக் குடைந்தபோது பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலின் அடியில் கொஞ்சம் சுண்டவத்தல் கிடைத்தது. போன கோடையில் நான் போட்டது. நெய்யில் கறுக விடாமல் பொரித்து, துளி மிளகும் சீரகமும் சேர்த்து உரலில் நைசாகப் பொடித்தேன். சோற்றைக் குழைய வடித்து, கையாலேயே மசித்து, நெய் விட்டு, அந்தப் பொடியைப் பிசைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாய் வாங்கினார். நான் தட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளத் தயாராகக் கையை நீட்டினேன். அவர் இரண்டாவது வாய்க்கு வாயைத் திறந்தார்.

"என்னமோ ஒண்ணு தெரியுதுளா" என்றார். "கசப்பு. கசப்பு மட்டும் தெரியுது."

அன்றைக்குத் தட்டைக் காலி செய்தார். எத்தனை வாரத்துக்குப் பிறகு! நான் பால்கனிக்குப் போய், காய்கிற துணிக்குப் பின்னால் நின்று, வேண்டிய மட்டும் அழுதுவிட்டு வந்தேன்.

அந்தப் பாட்டில் எத்தனை நாளைக்கு வரும்? தீர்ந்ததும் கடையில் பாக்கெட் வாங்கினேன். விதையோடு, வெறும் உப்பில் புரட்டிக் காயவைத்தது. மோரைக் கண்ணால்கூடக் கண்டிராத சுண்டைக்காய். அவர் வாயில் வைத்ததும் துப்பிவிட்டார். மறுபடியும் தட்டைத் தள்ளல், மறுபடியும் தகரம்.

எனவே பச்சைச் சுண்டைக்காய் வேண்டும். டெல்லியில்! ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம்மூர்க் காய் விற்கிற ஒருவர் இருக்கிறார். "வந்தா வரும், அம்மா" என்பார். வெயிலில் மெட்ரோ பிடித்துப் போய்ப் போய் அவர் உயிரை வாங்கினேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் ரயிலில் வரவழைத்துக் கொடுத்தார். அந்தக் காய்தான் தர்பூசணித் தோலுக்கு நடுவில் கிடந்தது. இப்போது சொல்லுங்கள், நான் ஆடினது தப்பா?

கடையில் கிடைக்கிறதே?

மோர் மிளகாய் பற்றி இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "எல்லாம்தான் கடையில் கிடைக்கிறதே, எதற்கு அம்மா இந்த வீண்வேலை?"

ஐயா, உங்களுக்குப் பதில் சொல்லவே இந்த வாரம் பேனாவை எடுத்தேன். சுண்டைக்காயை ஒவ்வொன்றாக நசுக்க வேண்டும். நைந்து போகக் கூடாது, வாய் பிளந்தால் போதும். தண்ணீரில் அலசினால் விதை உதிரும். உப்புப் போட்ட புளித்த மோரில் இரவெல்லாம் ஊற வேண்டும். காலையில் வடித்து வெயிலில் போட்டு, சாயங்காலம் திரும்ப அதே மோருக்குள் போட வேண்டும். சட்டியில் மோர் வற்றுகிற வரைக்கும் இப்படித்தான். பிறகு கலகலவென்று சத்தம் வருகிறவரை காய வேண்டும். நகத்துக்கடியில் கறை ஏறும். முதுகு பிடித்துக்கொள்ளும். இந்த வேலையை எனக்காக எந்தக் கம்பெனி செய்யும்? அவர்களுக்கு வேறு வேலை இல்லையா?

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெல்லி வெயிலை எல்லோரும் திட்டுகிறார்கள். நான் திட்ட மாட்டேன். வத்தல் வடகத்துக்கு இப்படி ஒரு வெயில் நம்மூரில்கூடக் கிடையாது. ஈரமே இல்லாத வெயில். லூ என்று ஒரு அனல்காற்று அடிக்கும். சீனியவரைக்காய், அதாவது கொத்தவரங்காய், ஒரே நாளில் சுருண்டுவிடும்.

ஒரே ஒரு தொல்லை, ஆந்தி. திடீரென்று வானம் பழுப்பாகும், புழுதிக்காற்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் என் கல்யாணப் புடவை ஒன்றை விரித்து அதில் கூழ்வடகம் பிழிந்திருந்தேன். ஆந்தி வந்தது. புடவை வடகத்தோடு பறந்துபோய், கீழ்வீட்டு குல்தீப் கௌரின் பால்கனியில் விழுந்தது. அந்த அம்மாள் பஞ்சாபி. புடவையில் ஒட்டியிருந்த பாதிக் காய்ச்சலான வடகத்தைப் பிய்த்துத் தின்று பார்த்திருக்கிறார். புடவையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், "மங்கைஜி, அடுத்த தடவை கொஞ்சம் சீரகம் கூடப் போடுங்கள்" என்று இந்தியில் யோசனை சொன்னார். அன்றிலிருந்து இரண்டு பேரும் மாடியைப் பங்கு போட்டுக்கொண்டோம். நான் வத்தல் போடுவேன், அவர் 'வடி' என்கிற உளுந்து வடகமும் ஊறுகாய்க்கு மாங்காயும் போடுவார். ஒருவர் கடைக்குப் போனால் மற்றவர் குரங்கு விரட்டுவார்.

"டென் மினிட்ஸ், ஆன்ட்டி"

சரி, செகரட்டரிக்கு வருகிறேன். பேர் கார்த்திக். ஆமாம், நம்ம ஆள்தான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அப்பா அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இவன் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே. குர்கானில் பெரிய உத்தியோகம். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதலாம். அதற்கு என் மனசு இன்னும் ஆறவில்லை.

அன்றைக்கே அவன் வீட்டு மணியை அடித்தேன். காதில் எதையோ மாட்டிக்கொண்டு வந்தான்.

"ஆன்ட்டி, க்ரூப்ல மெஸேஜ் போட்டேனே, நீங்க பாக்கலையா? டெரஸ்ல எதுவும் டிரை பண்ணக்கூடாதுன்னு கமிட்டி டிஸைட் பண்ணியாச்சு. அங்க ஆர்ட்டிஃபிஷியல் க்ராஸ் போட்டு, லைட் போட்டு, யோகா ஸ்பேஸ் பண்ணப் போறோம்."

புல்லாம், பிளாஸ்டிக் புல்! டெல்லி வெயிலில் பிளாஸ்டிக் புல்லின் மேல் யோகாசனம் செய்யப் போகிறார்களாம்.

"அது கெடக்கட்டும். என்னைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லியிருக்கலாம்லா? ஓரமா எடுத்து வச்சிருக்கலாம்லா? குப்பையில எதுக்குப்பா கொட்டச் சொன்ன?"

"நோ நோ, அது ஸ்பாயில் ஆயிடுச்சு ஆன்ட்டி. நான் பாத்தேன். ஒரே கறுப்பா, சுருங்கிப்போய், புளிச்ச ஸ்மெல் வேற. ஹெல்த்துக்கே பேட்."

கேட்டுக்கொண்டீர்களா? சுண்டைக்காய் கறுத்துச் சுருங்கி மோர் வாசனை அடித்தால், அது கெட்டுப்போனதாம்! தஞ்சாவூர்க்காரர் பிள்ளை சொல்கிறான். எனக்குச் சிரிக்கவா, தலையில் அடித்துக்கொள்ளவா என்று தெரியவில்லை.

"நேத்து ஒரு பார்ட்டி ஃப்ளாட் பாக்க வந்தாங்க. மேல போய்ப் பாத்துட்டு, 'யே க்யா ஹை, காவ் ஹை க்யா?'ன்னு கேக்கறாங்க. எனக்கு எவ்ளோ எம்பேரஸிங்கா இருந்தது தெரியுமா? நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

இது என்ன பட்டிக்காடா என்று எவனோ கேட்டானாம், இவனுக்கு மானம் போய்விட்டதாம்.

நான் நோயைப் பற்றி யாரிடமும் பேசுகிறவள் இல்லை. பரிதாபப் பார்வை எனக்கு ஆகாது. ஆனால் அன்றைக்கு வாயை விட்டுச் சொன்னேன். "உங்க அங்கிள் அந்த ஒண்ணுதான்பா சாப்பிடுதாங்க. வேற எதுவும் எறங்கல."

அவன் முகம் கொஞ்சம் மாறியது. இல்லையென்று சொல்ல மாட்டேன். பிறகு போனை எடுத்தான்.

"ஓ, ஸாரி ஆன்ட்டி. எந்த பிராண்ட் சொல்லுங்க, நான் இப்பவே போடறேன். டென் மினிட்ஸ்ல வந்துடும்."

நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். சொன்னது போலவே என் வீட்டு வாசலில் மணி அடித்தது. மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் பாக்கெட் ஒன்றை நீட்டிவிட்டு ஓடினார். சுண்டைக்காய் வத்தல். எந்தப் பாக்கெட்டை என் வீட்டுக்காரர் துப்பினாரோ அதே பாக்கெட். அட்டையில் ஒரு மாட்டுவண்டிப் படம் வேறு.

அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் அவன் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் மொட்டை மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது.

சொல்லிக் காட்டுகிறேன், ஆமாம்

செய்ததைச் சொல்லிக் காட்டக் கூடாது என்பார்கள். நான் காட்டுவேன்.

ஊரடங்கு போட்ட அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். கடை இல்லை, ஆப் இல்லை, பத்து நிமிஷம் இல்லை. எங்கள் படிக்கட்டில் நாலு வீட்டில் அடுப்பில் என்ன வைப்பது என்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டில் ஒரு குறையும் இல்லை. புளி, பருப்பு, மிளகாய் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தரம் வாங்கி, காயவைத்து, டின்னில் அடைத்து வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். வத்தல் நாலு விதம், வடகம் மூன்று விதம், குழம்புப்பொடி, இட்லிப்பொடி, ஊறுகாய் எல்லாம் இருந்தன. காய்கறியே இல்லாமல் ஒரு மாதம் குழம்பும் கூட்டும் வைத்தேன். சீனியவரை வத்தலை ஊறவைத்துப் பருப்போடு சேர்த்தால் அதுவே கூட்டு. மோர் மிளகாய் இருந்தால் கஞ்சிக்கு வேறென்ன வேண்டும்?

அப்போது கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் இந்தக் கார்த்திக்கின் மனைவியும் ஒருத்தி. "ஆன்ட்டி, பொடி இருக்குமா? குழந்தை பிரெட் சாப்பிட மாட்டேங்குது." கொடுத்தேன். கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். அந்தப் பொடிக்கான மிளகாயும் அதே மொட்டை மாடியில்தான் காய்ந்தது. அப்போது யாருக்கும் மானம் போகவில்லை!

என் இடம்

நான் குமுறிக்கொண்டிருந்ததை என் வீட்டுக்காரர் படுக்கையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். "விடுளா. சுண்டைக்காய் விஷயத்துக்காக ஊரோட எதுக்குச் சண்டை?" என்றார். அன்றைக்கும் இரண்டு வாய்தான் சாப்பிட்டிருந்தார். அவர் சொல்கிற எதையும் கேட்கிற நிலையில் நான் இல்லை.

குல்தீப்பிடம் சொன்னதும் அந்த அம்மாள் "ஏ தோ ஹத் ஹோ கயி!", இது ரொம்ப அநியாயம், என்று துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு பேரும் ஐ.என்.ஏ. போனோம். கடைக்காரரிடம் வேறு யாருக்கோ எடுத்து வைத்திருந்த பச்சைச் சுண்டைக்காய் இருந்தது. குல்தீப் போட்ட சத்தத்தில் அது எங்கள் பைக்கு வந்தது. அந்த வேறு யாரோ எவராக இருந்தாலும் என்னை மன்னிக்கட்டும். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து நசுக்கினோம். நசுக்க நசுக்க நான் கார்த்திக்கைத் திட்டினேன். தமிழ் புரியாமலே குல்தீப் தலையை ஆட்டினார். மோரைக் கடைந்தபோதும் திட்டினேன், உப்பைப் போட்டபோதும் திட்டினேன்.

காலையில் வடித்தாயிற்று. காயவைக்க இடம்? மாடியில் பூட்டு. என் பால்கனி வடக்குப் பார்த்தது, வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. குல்தீப் பால்கனிக்குக் கண்ணாடி அடைத்தாயிற்று. அடுக்கை எடுத்துக்கொண்டு கீழே போனேன். கார்கள் நிற்கிற திறந்த வெளியில் வெயில் பட்டையைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

அங்கே எங்கள் வீட்டுக்கென்று ஒரு பார்க்கிங் இடம் உண்டு. தரையில் ஃப்ளாட் நம்பர் எழுதியிருக்கும். இவரால் வண்டி ஓட்ட முடியாமல் போனதும் எங்கள் பழைய மாருதியைக் கொடுத்துவிட்டோம். கொடுத்த வாரமே கார்த்திக்கின் இரண்டாவது கார் அங்கே வந்து நின்றுவிட்டது. வெள்ளைவெளேரென்று, யானைக்குட்டி உயரத்துக்கு ஒரு கார். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஆஸ்பத்திரி அலைச்சலில் நானும் விட்டுவிட்டேன்.

அந்தக் காரின் பானட்டில் கையை வைத்தேன். சுரீர் என்றது. தோசைக்கல் தோற்றது, போங்கள்!

நான் நியாயம் தெரிந்தவள். கீறல் விழக் கூடாது என்று அடியில், குளிருக்குப் போர்த்துகிற ரஜாயின் பழைய உறையை விரித்து, அதன்மேல் வேட்டியை விரித்து, சுண்டைக்காயைப் பொறுமையாகப் பரப்பினேன். எதிரே வேப்பமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கார்த்திக் இறங்கி ஓடிவந்தான். காலில் வீட்டுச் செருப்பு.

"ஆன்ட்டி! வாட் இஸ் திஸ்? என் கார் மேல!"

"என் எடத்துல நிக்குப்பா."

"இது எம்ப்டியாத்தானே இருந்தது? நீங்க யூஸ் பண்ணலையே!"

"மாடியும் எம்ப்டியாத்தான கெடந்துது, தம்பி?"

வேட்டியின் ஓரத்தைத் தூக்கிப் பானட்டைப் பார்த்தான். அந்தச் சமயம் பார்த்து குல்தீப் ஒரு தாம்பாளம் நிறைய மாங்காய்த் துண்டுகளோடு வந்து சேர்ந்தார். உப்பும் மஞ்சளும் பிரட்டி, மஞ்சள் மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கையோடு ஒரு ஸ்டூலும் கொண்டு வந்திருந்தார். ஸ்டூலில் ஏறி, காரின் கூரை மேல் ஒரு போர்வையை விரித்தார்.

"நோ! ஹல்தி நஹீன், ஆன்ட்டிஜி! மஞ்சள் கறை படும்!"

"பேட்டா, இந்த வெயிலில் ஜல்தி காய்ந்துவிடும், கவலைப்படாதே" என்று குல்தீப் இந்தியில் சமாதானம் சொல்லியபடியே பரப்பினார்.

அவன் சுரேந்தரைக் கூப்பிட்டான். எல்லாவற்றையும் எடுத்துப் போடு என்றான். சுரேந்தர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கேட்டைப் பார்த்தார். "சாப், கேட் பே காடி ஆயி ஹை" என்று சொல்லிவிட்டு கேட்டை நோக்கி வேகமாக நடந்தார். கேட்டில் ஒரு வண்டியும் இல்லை.

"நான் போலீஸைக் கூப்பிடுவேன், ஆன்ட்டி."

"கூப்பிடு. யார் எடத்துல யார் வண்டி நிக்குன்னு அவங்களும் வந்து பாக்கட்டும். எங்க வீட்டுக்காரர் சாப்பாட்ட யாரு குப்பையில கொட்டுனதுன்னும் நான் சொல்லுதேன். எனக்கு வெக்கம் கெடையாது, சத்தமாவே சொல்லுவேன்."

பால்கனிகளில் தலைகள் முளைத்திருந்தன. அவன் நிமிர்ந்து ஒரு சுற்றுப் பார்த்தான். போனைப் பையில் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டான்.

சாயங்காலம் நாங்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, காரைத் துடைத்தும் விட்டோம். மறுநாள் காலையில் பார்த்தால் கார் இல்லை. என் ஃப்ளாட் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. அங்கே ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டு மிச்ச வெயிலையும் காட்டி முடித்தேன். பக்கத்துப் படிக்கட்டு அம்மாள் ஒருவர், கட்டிலில் கொஞ்சம் இடம் கிடைக்குமா என்று மிளகாயோடு வந்தார். கிடைக்கும் என்றேன். மாடியின் பூட்டு இன்றுவரை திறக்கவில்லை. பிளாஸ்டிக் புல்லில் யாரும் யோகா செய்வதாகவும் தெரியவில்லை. கட்டிலில் காய்ந்தது நன்றாகத்தான் காய்ந்தது. ஆனால் அந்தப் பானட்டுச் சூடு வராது. அதில் எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

ஒரு வாய்

வத்தல் கலகலவென்று வந்த அன்றே நெய்யில் பொரித்தேன். பொடித்தேன். சோற்றைக் குழைய மசித்துப் பிசைந்தேன். இத்தனை பாட்டுக்கும் பிறகு, பத்து வாய் சாப்பிட்டால் போதும் சாமி என்று வேண்டிக்கொண்டேதான் கட்டிலுக்குப் போனேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற நாள்.

தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்த்தினேன். முதல் வாய் கொடுத்தேன். மென்றார். முகத்தைச் சுளித்தார்.

"என்னளா இது? உப்பு அள்ளிப் போட்டிருக்க?"

எனக்கு வந்ததே கோபம்! மெட்ரோ மெட்ரோவாக ஏறி இறங்கி, குடியிருப்பையே கூட்டி, கார் மேல் காயப்போட்டுக் கொண்டுவந்தால், உப்பாம் உப்பு!

"ஏன் சொல்ல மாட்டிய? உங்களுக்காக நான் ஊரெல்லாம் சண்டை போட்டுட்டு வந்து நிக்கேன், நீங்க உக்காந்த எடத்துல குத்தம் சொல்லுதியளா? உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு!"

"நீயே ஒரு வாய் போட்டுப் பாரு" என்றார்.

வெடுக்கென்று ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

உப்பு கரித்தது. திட்டிய திட்டில் மோரில் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன். தகரம் நக்கின நாக்குக்கு அது தெரிந்திருக்கிறது!